ஏழாவது மணி

ஐப்பசி கடைசியில்
போன் தூரமாகிவிடும்.
மேசை அதே மேசைதான்.
காட்பாடி கூட்டுறவு வங்கியில் பதினாறு வருஷமாக
என் இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி
அங்கேயேதான் இருக்கிறது.
ஆனாலும் கையை அனுப்பினால்
போய்ச் சேர்வதற்குள் ஏழு மணி அடித்துவிடுகிறது.

"சுகிர்தம், உடம்பு சரியில்லையா?" என்றார் மேனேஜர்.
உடம்பு சரியாகத்தான் இருந்தது.
உள்ளே யாரோ ஈரச் சாக்கை விரித்திருந்தார்கள்.

மழை முதலில் என் ஊரைக் கலைக்கும்.
டீக்கடை பாய்லர் சீறுகிற இடத்தில் வலது பக்கம் திரும்புவேன்,
பாய்லர் தார்ப்பாய்க்குள் போய்விட்டது.
இளநீர் வெட்டும் சத்தம் கேட்டால் பேங்க் வாசல்.
யார் குடிப்பார்கள் இளநீர், இந்தக் குளிரில்?
பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் எங்கே என்று
தெருவுக்கே மறந்துவிட்டது.
ஒரு கையில் கோல், ஒரு கையில் குடை,
பையை எந்தக் கையில் பிடிப்பது?
போன வருஷம் முழங்கால் வரை இறங்கினேன்.
தூக்கிவிட்டவர் அன்பாகத்தான் சொன்னார்:
"மழையில ஏம்மா வெளியே வர்றீங்க."

வரவில்லை. படுத்திருந்தேன்.
பேசும் கடிகாரம் மூன்று மணி என்றது.
பகலா இரவா என்று சொல்லும் ரகமில்லை அது.
சோறு வடிக்கும் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்,
வடித்தால்தானே.

தங்கை சிரித்தாள், குத்துவதற்காக இல்லை:
"மேகம் மூடினா எங்களுக்குத்தான் இருட்டு.
உனக்கு எல்லா நாளும் ஒண்ணுதானேக்கா."
நியாயமாகப் பார்த்தால்
எனக்கு இது வரவே கூடாது.

டாக்டர் சின்னப் பெண். மூக்கடைத்த குரல்.
"இடது கண்?"
"கண்ணாடி."
"வலது?"
"இருக்கு. சும்மா."
"சும்மா இல்லாமலும் இருக்கலாம்" என்றாள்.
பார்ப்பது ஒரு வேலையாம், பொழுதைக் குறிப்பது இன்னொரு வேலையாம்.
முதல் வேலை போனவர்கள் சிலருக்கு இரண்டாவது மிஞ்சுமாம்.
உங்களுக்கு எப்படியோ, பார்ப்போம் என்றாள்.
பார்ப்போம் என்றேன்.

ராத்திரி தூக்கம் வராமல் நினைத்துக்கொண்டேன்.
லாங் பஜாரில் ஷட்டர் இறக்கிய கடை.
போர்டு கழற்றியாகிவிட்டது, சரக்கு எல்லாம் போயாச்சு.
உள்ளே கணக்குப்பிள்ளை ஒருவர் மட்டும்,
நின்றுகொள்ளுங்கள் என்று யாரும் சொல்லாததால்,
இடுக்கில் விழுகிற வெளிச்சத்தை
நாள் தவறாமல் வரவு வைக்கிறார்.
கார்த்திகையில் வரவு குறைந்ததும் கவலைப்படுகிறார்.
இருபத்து நாலு வருஷமாக,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

மாத்திரையும் உண்டு. கூடவே
காலையில் மொட்டைமாடியில் அரைமணி,
கறுப்புக் கண்ணாடி இல்லாமல்.
அதுதான் முடியவில்லை.
பத்தொன்பது வயதிலிருந்து என் முகம் அதன் பின்னால்தான் குடியிருக்கிறது.
கழற்றினேன்.
பக்கத்து மாடியில் துணி உதறும் சத்தம்
ஒரு நொடி நின்றது.
பிறகு உதறியது.

வேலூரில் வெயிலைத் தேடிப் போகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
சித்திரையில் அதற்குப் பயந்து ஒளிகிற ஊர் இது.
மார்கழியில் மலையைத் தாண்டி வர
அதற்கே சோம்பல்.
வெகுநேரம் பனிதான். அப்புறம் வலது கன்னத்தில்
ஒரு கால் ரூபாய் அளவுக்குச் சூடு.

கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டு முனவ்வர் கத்தினான்:
"அக்கா, சூரியனை நேரா பார்க்காதீங்க, கண்ணு போயிடும்!"
சொன்ன பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது.
தெருவே ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டது.
நான் சிரித்தேன்.
எங்கே வைத்தேன் என்று மறந்திருந்த சிரிப்பு,
மூன்று மாடிப் படி இறங்கியும் தீரவில்லை.

இதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
மறுநாள் மாடிக்குப் போகவில்லை.
அதற்கு மறுநாள் பல்கூடத் துலக்கவில்லை.

தை பிறந்து ஒன்பதாம் நாள்
டாக்டர் கேட்டாள், இப்போ எப்படி இருக்கு?
"மூணாவது மணியில எடுத்துடறேன்."
ஐந்தாவது என்று சொல்லியிருக்க வேண்டும்.
அவள் பேனா எழுதிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.
நான் திருத்தவில்லை.